முடியாதா, கூடாதா?

நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு குழந்தை முழுதாகச் சொல்லக் கற்கும் முதல் ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் "மே ஐ கம் இன், மிஸ்?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது "மே ஐ கோ டு டாய்லெட்?" பொருள் தெரிந்து சொல்வதில்லை. 'மேயைக்கமின்' என்று ஒற்றைச் சொல்லாக, ஒரே மூச்சில் வந்து விழும். தமிழில் எந்தக் குழந்தையும் அனுமதி கேட்டுப் பேசத் தொடங்குவதில்லை. வேணும், வேணாம், தா, போ என்றுதான் தொடங்குகிறது. 'வரலாமா' என்பதெல்லாம் பிறகு, அடுத்த வீட்டு வாசலில் நிற்கப் பழகிய பின் வருவது. ஆங்கிலம் நமக்கு வாசற்படியில் நின்றபடி வந்த மொழி என்பதாலோ என்னவோ, இசைவு கேட்கும் வினை முதலிலும், 'என்னால் முடியும்' என்று சொல்லும் வினை வெகுநாள் கழித்தும் வந்து சேர்கின்றன.

நான் தமிழ் படித்தவன். ஆங்கில இலக்கணம் என் தொழில் அன்று. ஆனால் இளங்கலைத் தமிழ் வகுப்புக்கு மொழிபெயர்ப்பியல் என்றொரு தாள் உண்டு. துறையில் வேறு யாரும் விரும்பி எடுப்பதில்லையாதலால் பல ஆண்டுகளாக அது என் பொறுப்பில் இருக்கிறது. அந்த வகுப்பில் நான் கண்டது இது: மாணவர்கள் திணறுவது பெரிய பெயர்ச்சொற்களில் அல்ல. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. 'கேன்', 'குட்', 'மே', 'மைட்' என்ற ஒற்றையசைத் துணைவினைகளில்தான் வாக்கியம் கவிழ்கிறது. அகராதியில் பார்த்தால் நான்குக்கும் 'முடியும், இயலும், கூடும், -லாம்' என்று ஏறக்குறைய ஒரே வரிசைதான் போட்டிருக்கும்.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த விதி எளிமையானது. 'கேன்' என்றால் ஆற்றல், 'மே' என்றால் அனுமதி. மாற்றிச் சொன்னால் பிரம்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளிகளில் இதையொட்டி ஒரு பழைய நகைச்சுவை உண்டு. "கேன் ஐ கோ டு த டாய்லெட்?" என்று பையன் கேட்பான். "எனக்கெப்படித் தெரியும்? உன்னால் முடியுமா?" என்பார் ஆசிரியர். பையன் நெளிவான். தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வகுப்பில் இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஐயா, நான் கழிப்பறைக்குப் போக முடியுமா?" என்று தமிழில் எவனும் கேட்கமாட்டான். 'போகலாமா' என்றே கேட்பான். நகைச்சுவை நிற்க இடமே இல்லை. (எங்கள் கல்லூரியில் ஆங்கில ஆசிரியரை 'சார்' என்றும் தமிழ் ஆசிரியரை 'ஐயா' என்றும் அழைப்பது எழுதப்படாத சட்டம்.)

விதி எளிமையானதே தவிர, அந்தச் சொற்களின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்பதன் மூலவினை 'குன்னன்'. அதற்கு 'அறிதல்' என்று பொருள். ஒன்றைச் செய்யத் தெரிந்தவன், அதனால் செய்யவல்லவன். இன்று தந்திரத்தைக் குறிக்கும் 'கன்னிங்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் அறிவுடைமையைக் குறித்த அதே வேர்ச்சொல்தான். 'மே' என்பதன் மூலவினை 'மகன்'. அதன் பொருள் வலிமையோடிருத்தல். வலிமை என்று பொருள்படும் 'மைட்' என்ற பெயர்ச்சொல் அந்தக் குடும்பத்தில் எஞ்சிய முதியவர். ஆக, அனுமதிக்கு மட்டுமே உரியது என்று எங்களைப் பிரம்பால் உணர்த்திய 'மே' பிறப்பால் ஆற்றலைச் சொன்ன வினை. அனுமதியைச் சொல்ல அன்று வேறொரு வினை இருந்தது: 'மோட்டன்'. அதன் இறந்தகால வடிவம்தான் காலப்போக்கில் இன்றைய 'மஸ்ட்' ஆகி நிற்கிறது. 'செய்யலாம்' என்றிருந்தது 'செய்தே தீரவேண்டும்' என்று ஆயிற்று. அது காலிசெய்த இடத்தில் வலிமையைச் சொன்ன 'மே' குடியேறியது. 'மே' விட்ட இடத்தில் அறிவைச் சொன்ன 'கேன்'. இப்போது அந்தக் 'கேன்' மெல்ல அனுமதியின் வீட்டுக்குள்ளும் கால் வைத்துவிட்டது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அனுமதி கேட்கப் பெரிதும் வழங்குவது அதுதான். ஆசிரியர்கள் சிரித்துச் சிரித்துத் தடுத்துப் பார்த்தது இந்தக் குடிபெயர்ப்பைத்தான். நடக்கவில்லை.

ஆற்றலைக் குறிக்கும் சொல் ஏன் அனுமதியை நோக்கி நகர்கிறது என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. ஒருவன் ஒரு செயலைச் செய்ய வேண்டுமானால் அவனுக்குள்ளே தடை இருக்கக்கூடாது. அவனுக்கு வெளியேயும் தடை இருக்கக்கூடாது. உள்தடை நீங்கியதை முதலில் சொன்ன சொல், நாளடைவில் வெளித்தடை நீங்கியதையும் சொல்லத் தொடங்குகிறது. தடை எந்தப் பக்கம் என்பதைக் கேட்பவன் இடம் பார்த்து அறிந்துகொள்ள வேண்டியதுதான்.

தமிழில் இப்படி இல்லை என்று ஒரு தமிழாசிரியன் மார்தட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 'முடியும்' என்றால் ஆற்றல், '-லாம்' என்றால் இசைவு. சுத்தமான பாகப்பிரிவினை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் நம் வீட்டிலும் அதே குடிபெயர்ப்புகள்தான்.

'மாட்டேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது மறுப்பு. 'வரமாட்டேன்' என்றால் வர விருப்பமில்லை. பழந்தமிழிலும் உரையாசிரியர்களின் நடையிலும் 'மாட்டுதல்' என்பது வல்லனாதல். 'மாட்டாமை' என்பது இயலாமை. "பேசமாட்டாமல் நின்றாள்" என்று பழைய நாவல்களில் வரும்போது அவள் பிடிவாதம் பிடித்தாள் என்று என் மாணவர்கள் பொருள் கொள்கிறார்கள். அவள் துக்கத்தால் தொண்டை அடைத்து நிற்கிறாள். உடன்பாட்டு வடிவமோ வழக்கிலிருந்தே போய்விட்டது. இன்று ஒருவன் 'மாட்டுவேன்' என்றால் போலீசில் மாட்டுவான், அல்லது சுவரில் படம் மாட்டுவான்.

'முடியாது' என்பதும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. "முடியாது போ" என்று குழந்தை காலை உதைக்கும்போது இயலாமையையா சொல்கிறது? 'முடி' என்ற வினைக்கு நிறைவுறுதல் என்று பொருள். 'என்னால் முடியும்' என்றால், என் வழியாக அது நிறைவுறும். இந்த 'ஆல்' உருபு எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் 'ஐ கேன்' என்றால் 'நான்' எழுவாய்; ஆற்றல் என் உடைமை. தமிழில் 'நான் முடியும்' என்று சொல்ல வழியில்லை. செயல்தான் முடிகிறது, நான் அதற்குக் கருவி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'எனக்கு ஏலாது' என்பார்கள். 'இயலாது' என்பதன் மரூஉ. அங்கே கருவியும் இல்லை. ஆற்றல் ஒருவனுக்கு வந்து சேர்கிறது அல்லது சேர்வதில்லை, பசியும் தூக்கமும் போல. நம் பேச்சுவழக்கில் இன்னொன்றும் உண்டு. 'அம்மாவுக்கு முடியலை' என்று வேறெந்த வினையும் சேர்க்காமல் சொன்னால் அம்மா நோயுற்றிருக்கிறாள் என்று பொருள். எது முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

இனி '-லாம்'. 'வரல்' என்ற தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்தது 'வரலாம்'. வருதல் ஆகும், வருதல் தகும் என்று கருத்து. இந்தச் சின்ன ஒட்டுக்குள் எத்தனை வேலை! 'உள்ளே வரலாம்' என்றால் இசைவு. 'மழை வரலாம்' என்றால் ஐயம். 'வா, கடைக்குப் போகலாம்' என்றால் அழைப்பு. 'ஒரு தடவை டாக்டரைப் பார்க்கலாம்' என்றால் யோசனை. நான்கும் ஒரே விகுதி, தொனிதான் பிரிக்கிறது. இதற்கு எதிர்மறை கிடையாது என்பதை மாணவர்களிடம் கேள்வியாகவே வைப்பேன். 'வரலாம்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? 'வரலாகாது' என்று ஒரு வடிவம் ஏட்டில் இருக்கிறது, நாவில் இல்லை. நாம் சொல்வது 'வரக்கூடாது'. அந்தக் 'கூடாது' மட்டும் யார்? 'கூடும்' என்பதன் எதிர்மறை. ஆனால் 'நாளை வரக்கூடும்' என்றால் வர வாய்ப்புண்டு. 'நாளை வரக்கூடாது' என்றால் தடை. 'வரக்கூடிய' என்ற பெயரெச்சத்தில் மீண்டும் பழைய வாய்ப்பும் ஆற்றலும் எட்டிப்பார்க்கின்றன. கூடிவராதது என்ற பொருளில் தொடங்கிய சொல், விலக்கப்பட்டது என்ற பொருளில் வந்து நிலைத்துவிட்டது. 'மே' போன அதே தெரு.

சமீபகாலமாக 'கொஞ்சம் நகர முடியுமா?', 'தண்ணீர் தர முடியுமா?' என்று பணிவுக்காகக் கேட்பது பெருகியிருக்கிறது. இது 'கேன் யூ' வழியாக வந்ததென்றே நினைக்கிறேன். 'கொஞ்சம் நகருங்களேன்' என்பதில் இருந்த நெருக்கம் இதில் இல்லை. கேட்பவர் என் இடுப்புவலியை விசாரிப்பதுபோல் இருக்கிறது. போகட்டும்.

தமிழ் 'முடிந்தது' ஆங்கிலக் 'குட்' ஆகும்போது நேரும் சிக்கல் இதைவிடக் கனமானது. 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்றுதான் படித்தோம். (அதன் எழுத்துக்கூட்டலில் வரும் 'எல்' எழுத்து ஒலிக்காததற்குக் காரணம் உண்டு. அது ஆதியில் அங்கே இல்லை. 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பின்னால் ஒட்டவைத்தார்கள்.) ஆனால் அந்த இறந்தகாலம் ஒரு நிலையைத்தான் சொல்லும், நிகழ்ச்சியைச் சொல்லாது. சிறுவயதில் எனக்கு நீந்தத் தெரிந்திருந்தது என்பதற்குக் 'குட்' பொருந்தும். நேற்று ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது என்பதற்குப் பொருந்தாது. அங்கே 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். ஒருமுறை நடந்து நிறைவேறிய செயலுக்குக் 'குட்' போட்டால், முடிந்திருக்கும், ஆனால் செய்தானா தெரியாது என்ற நிழல் விழுகிறது. எதிர்மறையில் இந்தத் தொல்லை இல்லை. 'குடன்ட்' எல்லாவற்றுக்கும் செல்லும். பார்த்தல், கேட்டல் போன்ற புலன்வினைகளுக்கும் விலக்கு உண்டு.

தமிழிலோ 'பிடிக்க முடிந்தது' என்றால் பிடித்தாயிற்று. முடிந்தது என்ற சொல்லிலேயே முடிவு இருக்கிறது. அதனால் நம்மவர்கள் 'முடிந்தது' என்ற இடத்தில் எல்லாம் நம்பிக்கையோடு 'குட்' போடுகிறார்கள். தங்கள் சாதனையின்மேல் தாங்களே ஐயத்தை ஏற்றிவிடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் படித்த ஒரு பையன் தனியார் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குப் போனான். அப்பா இல்லை. மாலை ஐந்து மணிக்குமேல் பரோட்டாக் கடையில் நின்று மாவு பிசைந்தவன். உன்னைப் பற்றிச் சொல் என்றிருக்கிறார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டு வந்து, "ஐ குட் பே மை சிஸ்டர்ஸ் ஃபீஸ்" என்றிருக்கிறான். தங்கையின் கட்டணத்தைக் கட்ட முடிந்தது. மூன்று வருடமும் கட்டியிருக்கிறான். எதிரே இருந்தவர் வெளிநாட்டில் இருந்து வந்தவர் போலும். "யூ குட். பட் டிட் யூ?" என்று கேட்டாராம். இகழ்ச்சியாகக் கேட்டிருக்கமாட்டார், உண்மையாகவே விளங்காமல் கேட்டிருப்பார். பையனுக்கு முகம் கறுத்துவிட்டது. தான் பொய் சொல்வதாக அவர் நினைக்கிறார் என்று எண்ணி, அதற்குப்பின் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டான். "ரசீதெல்லாம் வீட்டுல இருக்குங்கய்யா, கொண்டுபோயிருக்கணும்" என்று என்னிடம் சொன்னான். 'வாஸ் ஏபிள் டு' பற்றி அன்று அவனிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம்தான் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டான். இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் இப்படிக் 'குட்' சொல்வது பரவலானது. இதைப் பிழை என்பதா, நம் வழக்கு என்பதா என்று ஆங்கிலத் துறையினர் விவாதித்துக்கொள்ளட்டும். கேட்பவர் காது எந்தப் பக்கம் பழகியது என்பதில் ஒருவனுடைய மூன்று வருட உழைப்பு சிக்கிக்கொண்டது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இந்தத் துணைவினைகளில் ஒன்றுக்காகத் தமிழ்நாடே கொதித்த கதையும் உண்டு. நாம் அதை மொழிப்போர் வரலாறாகப் படித்திருக்கிறோம், இலக்கண வரலாறாகப் படித்ததில்லை.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்றும், ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரும் என்றும் வகுத்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும் என்று 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அதையொட்டி 1963இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, பதினைந்து ஆண்டு கழிந்தபின்னும் இந்தியோடு கூட ஆங்கிலம் 'மே கன்டின்யூ' என்றது. தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்.

திராவிட முன்னேற்றக் கழகம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அண்ணாதுரை அப்போது மாநிலங்களவை உறுப்பினர். 'மே' என்றால் 'மே நாட்' என்றும் ஆகுமே, 'ஷால்' என்று போடுங்கள் என்பது கோரிக்கை. இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷால்' என்ற பொருள்தான் என்று அரசுத் தரப்பு விளக்கியது. பொருள் அதுதான் என்றால் சொல்லையே போட்டுவிடலாமே என்பது மறுமொழி.

இருதரப்பும் ஆங்கிலம் நன்கறிந்தவர்கள். சட்ட நூலார் கண்ணில் அரசுத் தரப்பு முற்றிலும் தவறும் அன்று. ஓர் அதிகாரத்தை அளிக்கும் சொற்களுக்குள் அதைச் செலுத்தியாகவேண்டிய கடமையும் அடங்கியிருக்கக்கூடும் என்பது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1880லேயே ஒரு வழக்கில் ஆராய்ந்த விஷயம். ஆனால் நான் இந்தச் சர்ச்சையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒலிப்பது தமிழ். ஒரு தமிழ்க்காது 'மே' என்பதை '-லாம்' என்றுதான் கேட்கும். 'ஆங்கிலம் தொடரலாம்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். தொடராமலும் போகலாம் என்பது அந்த வாக்கியத்தின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. இசைவும் ஐயமும் ஒரே விகுதியில் குடியிருக்கும் மொழிக்காரர்கள் நாம். நமக்கு அந்தச் சொல் கொடுத்த அச்சம் வெறும் வழக்கறிஞர் நுட்பமன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் நடந்தவை தெரிந்தவைதான். 1964 சனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். 1965 சனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழியை மீண்டும் கூறினார். 1967இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 1968 சனவரியில் சட்டமாயிற்று.

திருத்தத்தில் அந்தச் சொல் மாறிவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டத்தை எடுத்துப் பார்த்தால் அந்த 'மே' இன்றும் மூன்றாம் பிரிவின் முதல் வாக்கியத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மாறியது வேறு. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு 'ஷால்' கீழே சேர்ந்தது. ஐந்தாம் உட்பிரிவு இன்னொன்றைச் சொன்னது: இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, அதன்பிறகு நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கவேண்டும். மேலே இருப்பது பழைய '-லாம்' தான். அந்த 'ஆம்' யார் வாயிலிருந்து வருகிறது என்பது மாறிவிட்டது. டெல்லி கொடுத்து டெல்லியே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய இசைவாக இருந்தது, இப்போது ஒரேயொரு மாநிலம் தலையசைக்க மறுத்தாலும் எடுக்கமுடியாத இசைவாகியிருக்கிறது. 'மே' என்ற சொல்லைப் பற்றி நான் வகுப்பில் சொல்வதில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். ஆற்றலுக்கு ஆள் ஒருவர் போதும். இசைவுக்கு இருவர் வேண்டும், கேட்பவரும் கொடுப்பவரும். கொடுப்பவர் பெரும்பாலும் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பில் இரண்டாம் இடம். முதுகலைக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்குப் பத்துநாள் இருக்கும்போது ஒரு தாளோடு துறைக்கு வந்தாள். "லெட்டர் தப்பில்லாம இருக்கான்னு பாருங்கய்யா" என்றாள். ஆங்கிலத்தில் மூன்றே வரி. 'ஐ கேனாட் ஜாயின் த கோர்ஸ்' என்று தொடங்கி, தன் இடத்தை ரத்துசெய்யக் கேட்டிருந்தாள். தப்பு ஒன்றும் இல்லை. அந்த 'கேனாட்' எதையும் வெளியே காட்டாமல் அழகாக மூடியிருந்தது. அதைப் படிக்கப்போகும் எழுத்தருக்கு உள்தடையா வெளித்தடையா என்ற கவலை இருக்கப்போவதில்லை.

"ஏம்மா?"

"போக முடியாதுங்கய்யா."

"முடியாதா, கூடாதா?"

வகுப்பில் பலமுறை கேட்ட கேள்வி என்பதால் முதலில் சிரித்தாள். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்பா விடமாட்டாங்கய்யா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலேயே, "என்னால முடியும்யா" என்றாள்.

தமிழ் இரண்டையும் வேறுவேறு சொல்லாக வைத்திருக்கிறது என்று இவ்வளவு நேரம் எழுதினேன். ஆனால் நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்கள் வாயில், 'கூடாது' என்பதை 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு இயல்பாக நடக்கிறது! 'டூருக்கு வரமுடியாதுங்கய்யா', 'ஹாஸ்டல்ல தங்கமுடியாதுங்கய்யா', 'வேலைக்குப் போகமுடியாதுங்கய்யா'. பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தடுப்பவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தடையைத் தனக்குள் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் பெயர் கெடாது. கேட்பவரும் மேலே துருவமாட்டார். சில வருடம் இப்படியே சொல்லிப் பழகினால், தடை எந்தப் பக்கம் இருந்தது என்பது சொல்கிறவளுக்கே மறந்துபோகும் என்றுதான் அஞ்சுகிறேன்.

கடிதத்தைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். 'நாட் ஏபிள் டு' என்று போடவேண்டுமா, 'நாட் அலவுட் டு' என்று போடவேண்டுமா என்று நீயே முடிவுசெய்து எழுதிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றேன். பேசாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். விரல்நுனிகளில் இலைக்கறை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. விடுதிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். தொகைகள் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தன. நான் சொல்வதோடு சரிபார்த்துக்கொண்டார். சங்கத்தில் கடன் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்:

"அனுப்பலாமாய்யா?"

அனுமதி கேட்கவில்லை. கொடுக்கவேண்டியவர் நானில்லை என்பது அவருக்குத் தெரியும். முடியுமா என்றும் கேட்கவில்லை, அதைத்தான் எண்ணிக் கணக்குப் பார்த்துவிட்டாரே. அழைப்பும் இல்லை. மழை வரலாம் என்பதில் இருக்கும் ஐயம் கொஞ்சம் இருந்தது. அதற்குமேல், நாளை வீட்டில் பேச்சு வந்தால் 'ஐயா ஆகும்னு சொன்னாங்க' என்று சொல்லிக்கொள்ள ஓர் 'ஆம்' அவருக்குத் தேவைப்பட்டது.

"அனுப்பலாம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். கடைசி நாளுக்கு முந்தைய நாள் பணம் கட்டினார்கள். முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு அவள் ஊருக்கு வரும்வரை அவளுடைய அப்பா அவளோடும் பேசவில்லை, அவள் அம்மாவோடும் பேசவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.